பெட்டா ஒரு பெட்டி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'உதாரணம்'. வாயைத் திறந்தால் "உதாரணத்துக்கு" என்றுதான் தொடங்குவாள். கேன்டீன் எங்கே என்று கேட்டால்கூட, "உதாரணத்துக்கு, நீங்க இந்த வாசல்ல நிக்கிறீங்கன்னு வெச்சுக்குங்க" என்று ஆரம்பிக்கிறவள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு துணிச்சல் வந்து, முகத்துக்கு நேராகவே "உதாரணம் மேடம்" என்று கூப்பிட்டார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. சம்பளமே அதற்குத்தானே.

ஊரார் தகவல்களை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் நிறுவனம் அது. ஆஸ்பத்திரி, வங்கி, கல்லூரி, சினிமா ஸ்டூடியோ என்று ஆளாளுக்குத் தங்கள் இடத்தில் வைக்க முடியாத கோப்புகளையும் படங்களையும் இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கூடம். அதில் வரிசை வரிசையாக ஆளுயர இரும்பு அலமாரிகள். அலமாரி நிறைய பச்சை விளக்கு மினுக்கும் டிஸ்க்குகள், அவை சூடாகாமல் இருக்க ஓயாமல் இரையும் விசிறிகள். உள்ளே கத்தித்தான் பேச வேண்டும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் காது அடைத்துக் கிடக்கும். வாடிக்கையாளர்களுக்கு இதைச் சுற்றிக் காட்டி, இங்கே இருப்பது எவ்வளவு என்பதை அவர்கள் மண்டையில் ஏற்றுவது அவளுடைய வேலை.

லேசுப்பட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். கையிலிருக்கும் போனின் புண்ணியத்தில் மெகா, கிகா வரைக்கும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். டெராவில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறார்கள். அதற்கு மேல் போனால் முழி பிதுங்கிவிடுகிறது. ஒரு பெட்டாபைட் என்றால் பத்துக் கோடிக் கோடி பைட் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் தலையை நன்றாக ஆட்டுவார், உள்ளே ஒன்றும் போயிருக்காது. அவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

"உதாரணத்துக்கு, உங்க போன்ல இருக்கிற போட்டோவை நொடிக்கு ஒண்ணுன்னு தள்ளிக்கிட்டே போறீங்க. சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, கண்ணைக்கூட மூடக் கூடாது. ஒரு பெட்டாபைட்டைப் பார்த்து முடிக்கப் பத்து வருஷம் ஆகும் சார். அந்த மாதிரி ஆயிரம் இங்க இருக்கு. அதுக்குப் பேரு எக்சாபைட்."

பத்து வருஷம் என்றதும் சார் வாயைப் பிளப்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்துவிடும்.

கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே தகராறு இருந்தது. பெட்டா பெரிசா, எக்சா பெரிசா என்று அடிக்கடி குழம்பினார்கள். ஒரு தடவை ஒருவன் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு எக்சாபைட் இடம் ஒதுக்கச் சொல்லி மெயில் போட, மேலிடமே ஆடிப்போனது. உதாரணத்தைக் கூப்பிட்டு எல்லோருக்கும் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அவள் ஒரு காபி குடிக்கும் நேரம் யோசித்துவிட்டுப் பலகையில் எழுதினாள்:

டெரா ஒரு டப்பா.
பெட்டா ஒரு பெட்டி.
எக்சான்னா எல்லாம்.
செட்டா நமக்கு செட்டாகாது.
யோட்டா, யோசிக்கவே வேண்டாம்.

ஆயிரம் டப்பா சேர்ந்தால் ஒரு பெட்டி. ஆயிரம் பெட்டி சேர்ந்தால் எல்லாம், அதாவது இந்தக் கட்டடம் மொத்தமும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் உலகத்துக் கணக்கு, நமக்கு வேண்டாத வேலை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கே அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. "ரெண்டு பெட்டி நிரம்பிடுச்சுப்பா", "அந்த பேங்க்காரனுக்கு இன்னும் அரைப் பெட்டி குடு" என்று கூடம் முழுக்க ஒரே பெட்டிப் பேச்சுதான். அவளே பெட்டிப் படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர்கள் அச்சடிக்கக் கொடுத்து, ஒவ்வொரு பெட்டாபைட்டுக்கும் ஒன்று என்று அலமாரிகளில் ஒட்டவைத்தாள். யாரும் குழம்புவதில்லை இப்போது. அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே உறவு அக்காதான். அக்கா ஒரு பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். கிரீம் அடைத்த கூம்பை வலது கையில் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் எழுதுவாள். கோணல்மாணலாகப் போனால் கேக்கே பாழ். அக்காவுக்குப் போனதில்லை. யாருக்கோ பிறந்தநாள், யாருக்கோ கல்யாணம், அந்தப் பெயர்களெல்லாம் அக்கா கை வழியாகத்தான் போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பேக்கரித் தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து, மண்டையில் அடிபட்டு, ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு மாதமாக விடாத தலைவலி, அதனால் மறுபடி ஒரு ஸ்கேன்.

அந்த முடிவு வந்த மறுநாள் மத்தியானம் தங்கை போனபோது, அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஓட்டும் அத்தான் வண்டிக்குப் போகாமல் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"தலைவலி கண்ணாடி மாத்தினா போயிடுமாம்" என்றாள் அக்கா. "ஆனா தேடப் போன எடத்துல வேற ஒண்ணு சிக்கியிருக்கு. இடது பக்கம், உள்ள, ஒரு புள்ளி. வலது கையை ஆட்டி வைக்கிற இடத்துக்கு ஒட்டினாப்ல இருக்காம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படத்தைக் கொண்டாங்கன்னார். அப்பவும் இந்தப் புள்ளி இதே அளவுல இருந்துதுன்னா, தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்னார். புதுசா வந்ததுன்னா..." அக்கா முடிக்கவில்லை.

"திறந்துதான் ஆகணுமாம்" என்று அத்தான் முடித்தார்.

"அப்போ பழைய படத்தைக் காட்டிட்டாப் போச்சு. ஒரு சி.டி. குடுத்தாங்களேக்கா?"

அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க வெச்சிருக்கேன்? வீடு மாத்தும்போது நீதானே குப்பையில போடச் சொன்ன? இதைப் போட்டுப் பாக்க எந்த வீட்டுல மெஷின் இருக்கு, ஆஸ்பத்திரிப் படமெல்லாம் எங்க கூடத்துலதான் இருக்கு, உன் தலை எங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னியே."

சொன்னாள்தான். அந்த ஆஸ்பத்திரி அவள் நிறுவனத்தின் வாடிக்கையாளர். அன்றைக்கு மூன்று பேரும் அதற்குச் சிரித்தார்கள்.

"இப்பவும் சொல்றேன், பத்திரமா இருக்கு" என்றாள் தங்கை. "ஆஸ்பத்திரியில எழுதிக் குடுங்க, அங்க இருந்து எங்களுக்கு வரும், நாங்க எடுத்து அனுப்பிடுவோம். நான் கையோட பார்த்துக்கிறேன். நீ ஏன்க்கா இப்படி உக்காந்திருக்க? எழுந்திரு, டீ போடு."

அக்கா எழுந்து டீ போட்டாள். அத்தான் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. தங்கச்சி வேலை பார்க்கும் இடம், தங்கச்சியே சொல்கிறாள், பிறகு என்ன என்று அவர்கள் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அவளும் சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கோரிக்கை வந்தது. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, பதில் இல்லை. அவளே கணினியில் தேடிப் பார்த்தாள். கோப்பின் பெயர் இருந்தது, நாள் இருந்தது, அளவு முன்னூறு மெகாபைட் என்று இருந்தது. திறந்தால் ஒன்றுமில்லை. எங்கோ கோளாறு என்று கூடத்துக்குள் போனாள்.

ஏழாம் வரிசையில் 'ஸ்குரூ' நின்றிருந்தான். சட்டைப் பையில் எப்போதும் ஸ்குரூடிரைவர் செருகியிருப்பதால் அந்தப் பெயர். நாற்பது வயதை நெருங்குகிற, பொறுப்பான ஆள். அவளைக் கண்டால் தூரத்திலிருந்தே "டெரா டப்பா!" என்று கத்துகிறவன், அன்றைக்கு அவளைப் பார்த்துவிட்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினான்.

"இங்க இருந்த பழைய ஆஸ்பத்திரிப் படமெல்லாம் எங்க?" என்று அவள் விசிறி இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

அவன் வெளியே வா என்று கையைக் காட்டினான். தாழ்வாரத்துக்கு வந்ததும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"புது சூப்பர்வைசர் வந்தாரில்ல மேடம், அவர் வந்த வாரம். போன் பண்ணி, 'ஏழாம் வரிசை கடைசியில பழைய பெட்டி ஒண்ணு இருக்கு, அதைக் காலி பண்ணிடு, நாளைக்கு எடுத்துட்டுப் போக ஆள் வருது'ன்னார். சரின்னு காலி பண்ணிட்டேன்."

"எதை?"

"பெட்டியை. ஏழாம் வரிசையில கடைசி அலமாரி. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'பழைய படங்கள்'னு எழுதியும் இருந்தது. அவர் சொன்ன மாதிரியே இருந்துதே மேடம்."

சூப்பர்வைசர் சொன்ன பெட்டி வேறு. வரிசைக் கடைசியில், தரையில், தூசி படிந்து கிடந்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே உதவாத டிஸ்க்குகள் பன்னிரண்டு. இரும்புக்கடைக்குப் போக வேண்டியது. உலகத்தில் எல்லோரும் பெட்டி என்று எதைச் சொல்வார்களோ அதைத்தான் அந்த மனிதர் சொன்னார். அவர் இவளுடைய வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை. பெட்டி என்றால் பெட்டாபைட் என்பது உலகத்திலேயே இந்தக் கூடத்துக்குள் மட்டும்தான்.

"ரெண்டு பேர் சரிபார்க்கணும்னு விதி இருக்கே?" என்றாள்.

"பார்த்தோம் மேடம். கூட இருந்தவன்கிட்ட, 'ஒரு பெட்டிதானே?'ன்னு கேட்டேன். 'ஆமா, ஒரு பெட்டி'ன்னான்."

கூட இருந்தவனும் அதே வகுப்பில் படித்தவன்.

நிரப்ப வருஷக்கணக்கில் ஆகிறது, அழிக்க ஒரு பொத்தான் போதும். எல்லாவற்றையும் பூட்டி வைத்திருப்பார்கள். அழிப்பது என்றால் அந்தப் பூட்டின் சாவியை இல்லாமல் ஆக்கிவிடுவது. பிறகு உள்ளே இருப்பதை யாராலும், எந்தக் கொம்பனாலும் படிக்க முடியாது. மறுபிரதி? ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு ஒரே பிரதி போதும் என்கிற மலிவுத் திட்டத்தைத்தான் அந்த ஆஸ்பத்திரி எடுத்திருந்தது. பழைய படத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று எடுத்துச் சொல்லி, அந்தத் திட்டத்தை அவர்களுக்குப் புரியவைத்ததும் உதாரணம்தான்.

மேலிடத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு வாரமாகத் தெரியும். யாரும் கேட்காதவரைக்கும் பேச வேண்டாம் என்று கம்மென்று இருந்திருக்கிறார்கள். முதலில் வந்து கதவைத் தட்டியது அவளுடைய அக்காவின் கோரிக்கைதான்.

அன்றைக்கு அவள் தன் அறையில் உட்கார்ந்து ஒரு வகுத்தல் போட்டாள். பெட்டாபைட்டை அவள் போட்டோவால் வகுத்திருக்கிறாள், சினிமாவால் வகுத்திருக்கிறாள், புத்தகத்தால் வகுத்திருக்கிறாள். ஆளால் வகுத்ததில்லை. ஓர் ஆளுக்கு முன்னூறு மெகாபைட் என்றால், ஒரு பெட்டிக்கு முப்பத்து மூன்று லட்சம் பேர். தலை, நெஞ்சு, முழங்கால், இடுப்பு என்று முப்பத்து மூன்று லட்சம் பேர் அசையாமல் மூச்சைப் பிடித்துப் படுத்து எடுத்துக்கொண்ட படங்கள். இத்தனை வருஷமாக வாய் ஓயாமல் விளக்கிய அளவு அவளுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. அதில் முப்பத்து மூன்று லட்சமும் அவளுக்கு வேண்டாம், ஒன்று போதும். அழுகை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'சதவீதம்'. எதையும் நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லாமல் அவரால் மூச்சுவிட முடியாது.

"ஆஸ்பத்திரிக்காரங்க விளக்கம் கேக்கிறாங்க மேடம்" என்றார். "நாளன்னைக்கு அவங்க நிர்வாகக் குழுவே வருது. போனது எவ்வளவு? நூத்துக்குப் பூஜ்யம் புள்ளி ஒண்ணு. தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது சதவீதம் பத்திரமா இருக்கு. ஆனா நான் சொன்னா வெறும் நம்பராத்தான் கேக்கும். நீங்க சொன்னா மனசுல பதியும். ஒரு பெட்டாபைட் எவ்வளவு சின்னதுன்னு ஒரு உதாரணம் வேணும்."

"அதுல என் அக்கா படம் இருந்துது சார்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. விசாரணைன்னு வந்தா முதல் கேள்வி என்ன வரும்? பெட்டான்னு சொல்றதைப் பெட்டின்னு சொல்ல யார் கத்துக் குடுத்தாங்கன்னு வரும். அந்த ஸ்டிக்கர் யார் அடிச்சதுன்னு வரும். நான் உங்களை விட்டுக் குடுக்க மாட்டேன். நீங்களும் எங்களை விட்டுக் குடுக்காதீங்க."

மிரட்டல் என்றே தெரியாத அளவுக்கு அன்பாகச் சொன்னார். அவள் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்றால், பயம். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அந்தப் பெட்டிக்குப் பெயர் வைத்தது நீதான் என்று ஊர் முன்னால் யாராவது விரல் நீட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் அதிகம்.

அக்காவுக்குப் போன் செய்து, "ஆறு வருஷத்துக்கு முந்தின படத்தை ஆஸ்பத்திரியே வெச்சுக்கலையாம்க்கா. எங்ககிட்ட வரவே இல்லையாம்" என்றாள்.

"நீ இருக்குன்னியே?" என்றாள் அக்கா.

"இருக்கும்னு நெனச்சேன்."

"சரி விடு. நீ என்ன பண்ணுவ" என்று அக்கா அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். மூன்று மாதம் பொறுத்து மறுபடி படம் எடுத்து வளர்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் கெட்ட கட்டியாக இருந்தால் அந்த மூன்று மாதம் வீண். இல்லையென்றால் இப்போதே திறந்துவிடலாம். அக்காவால் பொறுக்க முடியவில்லை. தலைக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று மாதம் கேக்கில் 'நீடூழி வாழ்க' என்று எழுத என்னால் ஆகாது என்றுவிட்டாள். தேதி குறித்தார்கள்.

நிர்வாகக் குழு வந்தது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், உம்மென்ற முகங்கள். உதாரணம் எழுந்து நின்றாள். வாய் தடுமாறவில்லை. அது பழகிய வாய்.

"எங்ககிட்ட மொத்தம் இருக்கிறது ஒரு எக்சாபைட். உதாரணத்துக்கு, அதை ஒரு முழு வருஷம்னு வெச்சுக்குங்க. கோடை, மழை, குளிர், எல்லாம் சேர்த்து. நாம இழந்தது ஒரு பெட்டாபைட். அந்த வருஷத்துல அது எவ்வளவு? ஒரே ஒரு ராத்திரித் தூக்கம். அவ்வளவுதான். அதுவும் அஞ்சு வருஷமா யாரும் திறந்துகூடப் பார்க்காத படங்கள்."

மேஜையைச் சுற்றித் தலைகள் அசைந்தன. ஒருவர் புன்னகைகூடச் செய்தார். விற்கும்போது பத்து வருஷம், தொலைத்தபோது ஒரு ராத்திரி. அளவு என்னவோ அதேதான். அவள் உட்கார்ந்தபோது சதவீதம் மேஜைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போல இருந்தது.

யாராவது ஒருவர் தலை உருள வேண்டும் என்பதால் ஸ்குரூவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கவனக்குறைவு என்று காரணம் எழுதினார்கள். அவன் போகும்போது அவள் அறை வாசலில் நின்று, "நான் சரியாத்தான் மேடம் கேட்டேன். ஒரு பெட்டிதானேன்னு கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வேறு எங்கேயும் போய் அதைச் சொல்லவில்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். "நல்ல செய்தி. கெட்ட கட்டி இல்ல. பிறந்ததுல இருந்தே இருக்கிற சமாச்சாரம். விட்டிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும். திறந்து பார்த்தாத்தானே தெரியும்!" அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி நன்றி என்று அழுதார். அத்தான் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அக்கா கண் விழித்து, தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, வலது கை வரவில்லை. இந்த மாதிரி ஆபரேஷனில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். தோள் கொஞ்சம் அசைந்தது. விரல்கள் மடங்கின இடத்திலேயே நின்றன. பேக்கரிக்காரர் நல்லவர், பெட்டி கட்டிக் கொடுக்கிற வேலையாவது செய்யட்டும் என்று சொல்லி அனுப்பினார். அதற்கும் இரண்டு கை வேண்டும்.

தங்கை ஒவ்வொரு விடுமுறைக்கும் போய்த் துணி மடித்தாள், காய் நறுக்கினாள், தலை வாரிவிட்டாள். அக்கா அவளை ஒரு குறை சொல்லவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்?" என்றாள். அந்தப் புகழ்ச்சியை அவளால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு மத்தியானம், அக்கா ஒரு தட்டில் மாவைக் குழைத்து வைத்துக்கொண்டு இடது கையால் 'அ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தபோது, அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். படம் இருந்தது, எங்களிடம்தான் இருந்தது, அழித்துவிட்டோம், பெட்டி என்று பெயர் வைத்தது நான், பொய் சொன்னது நான், அந்த மேஜையில் எழுந்து நின்று ஒரு ராத்திரித் தூக்கம் என்று சொன்னதும் நான்.

அக்கா கோணலாகப் போன 'அ'வைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அப்ப படத்துல புள்ளி இருந்திருக்கும்" என்றாள்.

"இருந்திருக்கும்."

"பார்த்திருந்தா தொட்டிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்கக்கா."

"எதுக்குடி இதை எங்கிட்ட சொன்ன?"

"மறைச்சு வெச்சுக்க முடியலக்கா. உன் மூஞ்சியைப் பார்த்தா..."

"உனக்கு முடியல. சொல்லிட்ட. உன் பாரம் இறங்கிடுச்சு." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டு மாசமா இது என் தலையெழுத்து, என் தலையெழுத்துன்னு சொல்லிச் சொல்லி மனசைத் தேத்தி வெச்சிருந்தேன்டி. யார் மேலயும் கோபம் இல்லாம தூங்கினேன். எனக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். இப்ப அதையும் அழிச்சிட்டியே."

அவள் அக்காவின் வலது கையைத் தொடப் போனாள். அக்கா இடது கையால் அந்தக் கையைத் தூக்கி, தன் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வாசல் நிலையில் அத்தான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நாற்காலியில் கிடந்த அவளுடைய கைப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கிளம்பும்மா" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.